கடற்கரைக்கு வந்த கல்லூரி

தூத்தூர்த் தூய யூதா கல்லூரி: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு நாட்டின் கல்வி வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் தலைநகரிலே தொடங்கித் தலைநகரிலேயே முடித்துவிடுகின்றனர். மன்னர் எழுப்பிய மண்டபங்களும், பட்டம் பெற்ற பெரியோர்தம் பெயர்களும், துணைவேந்தர்களின் வரிசையும் ஏட்டில் இடம்பெறுகின்றன. தலைநகருக்கு அண்மையிலே, அலையோசைக்கு நடுவே வாழும் எளிய மக்களிடம் கல்வி எப்போது சென்றது, எவ்வழியாகச் சென்றது, ஏன் அத்துணைக் காலந் தாழ்ந்து சென்றது என்னும் வினாக்களை எழுப்புவார் மிகச் சிலரே. திருவனந்தபுரத்தில் வாழும் தமிழ்க் குடும்பத்தினராகிய நாம் அவ்வினாவை எழுப்பக் கடமைப்பட்டவர்கள் என்பது அடியேனின் கருத்து. அதன் விடையில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. அதனை விளக்குவதே இச்சிறு கட்டுரையின் நோக்கம்.

எட்டு ஊர்கள்

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே கடலோரமாகச் சென்றால், நெய்யாறு கடலிற் கலக்கும் பூவாற்றைக் கடந்து சிறிது தொலைவில் கேரள மாநிலம் முடிகின்றது. எல்லைக்கு அப்பால் முதலில் நிற்கும் ஊர் நீரோடி. அதனை அடுத்து மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரயுமன்துறை என ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு செல்கின்றன. குழித்துறையாறு கடலோடு சேரும் முகத்துவாரத்தில் இவ்வரிசை முடிகின்றது. ஆற்றுக்கு அக்கரையில் இருப்பது பழம்புகழ் வாய்ந்த தேங்காய்ப்பட்டணம். இந்த எட்டு ஊர்களும் ஒரு குறுகிய மணல் திட்டின்மேல் அமைந்தவை. ஒருபுறம் அரபிக்கடல், மறுபுறம் 1860ஆம் ஆண்டு வாக்கில் திருவிதாங்கூர் அரசு வெட்டத் தொடங்கிய அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய். தலைநகரையும் குமரிமுனையையும் நீர்வழியால் இணைக்க வேண்டும் என்று தொடங்கப்பெற்ற அக்கால்வாய் முழுமை பெறாமலே நின்றுவிட்டது. கல்வி வழியும் இவ்வூர்களுக்கு அவ்வாறே நெடுங்காலம் பாதியில் நின்றது எனலாம்.

இவ்வூர் மக்கள் ஆழ்கடல் மீன்பிடித் தொழிலில் நிகரற்றவர்கள். தூண்டில் கொண்டு சுறா பிடிப்பதில் தூத்தூரார்க்கு உள்ள திறம் மேலைக் கடற்கரை முழுவதும் அறிந்தது. கொச்சித் துறையிலிருந்து புறப்பட்டு, இலட்சத்தீவுக் கடல் வரையிலும், குசராத்துக் கரைக்கு அப்பாலும் பல வாரங்கள் தங்கித் தொழில் செய்து திரும்புவர். விண்மீன் கண்டு திசை அறிவதும், நீரின் நிறங் கண்டு ஆழம் அறிவதும், காற்றின் போக்குக் கண்டு நாளை வரும் மாற்றம் உணர்வதும் இவர்கள் வழிவழியாகப் பெற்ற கல்வி. ஆயின் அக்கல்விக்குச் சான்றிதழ் வழங்கும் பல்கலைக்கழகம் எதுவும் இல்லை.

அச்சு கண்ட கரை

கல்வியும் எழுத்தும் இக்கரைக்குப் புதியவை என்று எண்ணுவது பிழை. 1544ஆம் ஆண்டின் இறுதியில் பிரான்சிசு சவேரியார் திருவிதாங்கூர்க் கடற்கரை வழியே ஊர் ஊராகச் சென்றார். ஒரே திங்களில் பதினாயிரத்துக்கு மேற்பட்டோருக்குத் திருமுழுக்கு அளித்ததாக 1545ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் அவர் குறித்துள்ளார். சமயச் செய்தியை ஒருபுறம் நிறுத்தி, கல்வி நோக்கில் மட்டும் இதனைக் காண்போம். தமிழில் எழுதப்பெற்ற வேண்டுதல்களை ஒவ்வோர் ஊரிலும் ஏட்டில் விட்டுச்செல்வதும், எழுதத் தெரிந்தோர் அவற்றைப் படியெடுத்து மனப்பாடம் செய்து நாள்தோறும் ஓதச் செய்வதும் அவர்தம் முறை. நாலரை நூற்றாண்டுகளுக்கு மேலாயிற்று; எனினும் கடற்கரைச் சிற்றூரில் ஏடும் ஓதுதலும் அன்றே இருந்தன என்பதற்கு இது சான்று.

அதனினும் வியப்பான செய்தி ஒன்று உண்டு. 1578ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் ஒரு சிறு நூல் அச்சாயிற்று. 'தம்பிரான் வணக்கம்' என்பது அதன் பெயர், பக்கங்கள் 16. அதனைத் தமிழில் ஆக்கியவர் அண்ட்ரிக்கு அடிகளார் என்னும் போர்த்துக்கீசியத் துறவி. இந்திய எழுத்து ஒன்றில் இந்திய மண்ணில் அச்சிடப்பெற்று இன்றும் கிடைக்கின்ற நூல்களில் காலத்தால் முந்தியது அதுவே. அந்நூல் யாருக்காக அச்சிடப்பெற்றது? அரசவைப் புலவர்க்காக அன்று. வணிகப் பெருமக்களுக்காகவும் அன்று. கொல்லம் முதல் குமரி வரையிலும், குமரி முதல் தூத்துக்குடி வரையிலும் அலைக்கரையில் வாழ்ந்த மீனவர்க்கும் முத்துக்குளிப்போர்க்குமே அது முதன்மையாக உரியது. தமிழகத்தின் பெருநகர்களும் மடங்களும் அச்சுப் புத்தகத்தைக் காணு முன்னரே, கட்டுமரம் ஏறிய கைகள் அதனைப் புரட்டின.

இங்கேதான் வரலாறு நம்மை நாணச் செய்கின்றது. 1578இல் அச்சு நூலைக் கண்ட கடற்கரையின் ஒரு பகுதி, தன் மண்ணில் ஒரு கல்லூரியைக் காண 1981 வரை காத்திருந்தது. இடைப்பட்ட காலம் 403 ஆண்டுகள்.

இரு நகரங்களின் நடுவே

திருவிதாங்கூர் அரசு கல்வியில் பின்தங்கிய அரசு என்று யாரும் கூறார். மக்களின் கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்னும் கருத்துடைய ஆணை 1817ஆம் ஆண்டிலேயே இராணி கௌரி பார்வதிபாய் ஆட்சியில் பிறந்தது. சுவாதித் திருநாள் மன்னர் காலத்தில், 1834இல், திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பள்ளி தொடங்கிற்று. அதுவே வளர்ந்து 1866இல் கல்லூரியாகி, மகாராசா கல்லூரி என வழங்கிப் பின்னர்ப் பல்கலைக்கழகக் கல்லூரி என்று பெயர் பெற்றது. நம் குடியிருப்புப் பிள்ளைகள் பலர் அதன் செங்கல் மதிலைக் கடந்துதான் நாள்தோறும் செல்கின்றனர்.

தெற்கே நாகர்கோவிலின் கதையும் இத்தகையதே. இரிங்கல்தௌபே பாதிரியார் 1809இல் மயிலாடியில் ஏற்றிய சிறு விளக்கு, 1818இல் மீடு பாதிரியாரால் நாகர்கோவிலுக்குப் பெயர்ந்து, 1893இல் கல்லூரியாக உயர்ந்தது. அதுவே இன்றைய ஸ்காட் கிறித்தவக் கல்லூரி. 1937இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் தோன்றியது. 1952இல் நாகர்கோவிலில் தென் திருவிதாங்கூர் இந்துக் கல்லூரி எழுந்தது.

இனி நிலப்படத்தை எடுத்து நோக்குங்கள். திருவனந்தபுரத்துக்கும் நாகர்கோவிலுக்கும் இடைப்பட்ட தொலைவு இருப்புப்பாதைக் கணக்கில் ஏறத்தாழ 70 கிலோமீட்டர். இவ்விரண்டுக்கும் ஏறக்குறைய நடுவிலே, கடலோரத்தில், தூத்தூர் அமைந்துள்ளது. வடக்கே கல்லூரி தோன்றி 115 ஆண்டுகளும், தெற்கே கல்லூரி தோன்றி 88 ஆண்டுகளும் சென்ற பின்னரே இந்த நடுவிடத்திற்குக் கல்லூரி வந்தது. இரு விளக்குகளுக்கு இடையே இருந்தும் இருளிலே கிடந்த திண்ணை போன்றது இக்கரை.

ஏன் எட்டவில்லை?

இதற்குக் காரணம் மக்களின் அறியாமை என்று சிலர் எளிதாகக் கூறிவிடுவர். அஃது உண்மையன்று. காரணங்கள் பல, அவற்றை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தல் நன்று.

முதலாவது, தொழிலின் இயல்பு. உழவன் மகன் காலையிலும் மாலையிலும் வயலில் உதவிவிட்டு நடுப்பகலில் பள்ளி செல்லலாம். கடல் தொழிலுக்கு அவ்வகையான நேர வரையறை இல்லை. தந்தை பல வாரங்கள் கடலில் இருப்பார். வீட்டுப் பொறுப்பெல்லாம் தாயின் தலையில். மூத்த மகன் சற்று வளர்ந்ததும் படகில் ஏறுவான். மூத்த மகள் இளையோரைப் பேணுவாள்.

இரண்டாவது, வருவாயின் நிலையாமை. ஒரு நாள் வலை நிறைய மீன். ஒரு திங்கள் வெறுங்கை. முன்பணம் கொடுத்த தரகர்க்கே மீனை விற்க வேண்டிய கட்டாயம் பலருக்கு இருந்தது. மேலைக் கடலில் ஆண்டுதோறும் ஜூன், ஜூலைத் திங்கள்களில் விசைப்படகுகளுக்குத் தடை. கல்லூரிகளில் மாணவரைச் சேர்க்கும் காலமும் அதுவே. படகு கரையேறிக் கையில் காசு இல்லாத வேளையிற்றான் கட்டணம் கேட்டு ஓலை வருகின்றது! மாத ஊதியம் பெறும் நம்மனோர்க்கு இந்த இடர் எளிதில் விளங்காது.

மூன்றாவது, வழியின் அருமை. கடற்கரையிலிருந்து உள்நாட்டு நெடுஞ்சாலையை அடைவதே ஒரு பயணம். ஆணாயினும் பெண்ணாயினும் விடுதியில் தங்கினாலன்றி நாகர்கோவிலிலோ திருவனந்தபுரத்திலோ பயில இயலாது. விடுதிக்குச் செலவு உண்டு. பெண்ணை விடுதிக்கு அனுப்ப மனம் ஒப்பாத பெற்றோரும் உண்டு.

நான்காவது, சொல்லக் கூசும் காரணம். மீன் விற்பவர் பிள்ளை என்று வகுப்பறையில் ஒதுக்கிப் பார்க்கும் பார்வை. சட்டம் அதனை விலக்கியது. மனம் அதனை விலக்க நாளாயிற்று. தன் ஊரிலேயே, தன் போன்றார் நடுவே, தலைநிமிர்ந்து அமர்ந்து பயிலும் இடம் ஒன்று இருந்தாலன்றி அந்த வடு ஆறாது.

கோடு கிழித்த ஆண்டு

1956க்கு முன்னர் இந்த எட்டு ஊர்களும் நாம் வாழும் திருவனந்தபுரமும் ஒரே அரசின் கீழ் இருந்தன. மொழிவழி மாநிலம் வேண்டும் என்று தென் திருவிதாங்கூர்த் தமிழர் திரு. நேசமணி முதலியோர் தலைமையில் போராடினர். 1954 ஆகஸ்டு 11ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர் ஈந்தோரை இன்றும் குமரி மாவட்டம் நினைவுகூர்கின்றது. 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் தாய்த் தமிழகத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. அன்றைய விளவங்கோடு வட்டத்தைச் சார்ந்த இவ்வூர்களும் தமிழகத்தில் அடங்கின.

அரசின் எல்லை மாறிற்று. திருச்சபையின் எல்லை மாறவில்லை. தமிழ்ப் பகுதிகளுக்கென 1930இல் கோட்டாறு மறைமாவட்டம் அமைந்தபோதும், இந்த எட்டு ஊர்களும் அதிற் சேரவில்லை. 1937இல் கொல்லத்திலிருந்து பிரிந்து உருவான திருவனந்தபுரம் இலத்தீன் மறைமாவட்டத்திலேயே அவை இருந்தன, இன்றும் இருக்கின்றன. ஆகவே இவ்வூரார் வரி செலுத்துவது தமிழக அரசுக்கு. ஆயரின் இல்லம் இருப்பதோ திருவனந்தபுரம் வெள்ளையம்பலத்தில். இந்த இரட்டை உறவு சிலருக்குக் குழப்பமாகத் தோன்றலாம். வரலாறு அதனை நன்மையாக மாற்றியது.

இவ்வுறவு ஒருவழிப் பாதையும் அன்று. 1946இல் மார்த்தாண்டன்துறையிற் பிறந்த சூசை பாக்கியம் அவர்கள் பின்னாளில் திருவனந்தபுரத்தின் ஆயரானார். 2004இல் அம்மறைமாவட்டம் உயர்நிலை பெற்றபோது அதன் முதற் பேராயராகி, 2022 வரை அப்பணியில் இருந்தார். எல்லைக்கு அப்பாலுள்ள தமிழ்க் கடற்கரைச் சிற்றூர் கேரளத் தலைநகருக்கு ஒரு பேராயரை அளித்தது.

கொடுத்தது கரை

கடற்கரை மக்கள் கல்விக்கும் அறிவியலுக்கும் கொடுத்தவர்கள் என்பதற்கு நம் நகரமே சான்று. திருவனந்தபுரத்திற்கு வடக்கே தும்பா என்னும் மீனவர் ஊர், புவியின் காந்த நடுக்கோட்டை ஒட்டி அமைந்தது. ஏவுகணை ஆய்வுக்கு ஏற்ற இடம் அதுவே என்று அறிஞர் விக்கிரம் சாராபாய் முதலியோர் கண்டனர். அங்கிருந்த மகதலேனா மரியாள் கோயிலும் ஆயர் இல்லமும் அறிவியலாளரிடம் ஒப்படைக்கப்பெற்றன. மீனவர் தம் குடிசைகளைப் பெயர்த்துக்கொண்டு வேறிடம் சென்றனர். கோயிலே முதற் பணிமனை ஆயிற்று. 1963 நவம்பர் 21ஆம் நாள் அக்கரையிலிருந்து முதல் ஏவுகணை விண்ணிற் பாய்ந்தது. அக்காலத்தில் அங்குப் பணியாற்றிய இளைஞருள் ஒருவர், இராமேசுவரக் கடற்கரையிற் பிறந்த நம் அப்துல் கலாம்.

அடுத்த ஆண்டே, 1964இல், தும்பாவில் இயேசு சபையார் சவேரியார் பெயரால் ஒரு கல்லூரியைத் தொடங்கினர். வடபுறக் கடலோரத்துக்கு விளக்கு வந்தது. அதே 1964இல் மார்த்தாண்டத்தில் நேசமணி நினைவுக் கிறித்தவக் கல்லூரியும் பிறந்தது. ஆயினும் அது நெடுஞ்சாலையை ஒட்டியது. தூத்தூர்ப் பெண்ணுக்கு அதுவும் தொலைவே.

உலகின் மறுகோடியில் நடந்த ஒரு செய்தியையும் இங்கு ஒப்புநோக்கலாம். கனடா நாட்டின் நோவா ஸ்கோசியாக் கடற்கரையில் அந்திகோனிசு என்னும் சிற்றூர் உண்டு. அங்கும் சவேரியார் பெயரால் ஒரு பல்கலைக்கழகம் இருக்கின்றது. 1928இல் அது ஊர்ப்புறப் பணிக்கெனத் தனித் துறை ஒன்றை நிறுவியது. மோசசு கோடி என்னும் குருவானவர் அதன் தலைவர். பேராசிரியர்கள் மீனவர் வீட்டு அடுப்பங்கரையிலே அமர்ந்து, சிறு குழுக்களாக மக்களைச் சேர்த்து, கணக்கும் வணிகமும் கற்பித்தனர். தரகரின் பிடியிலே கிடந்த மீனவர் கூட்டுறவு அமைத்துத் தம் பிடியைத் தாமே விற்கக் கற்றனர். நம் பகுதியிலும் இத்தகைய முயற்சிகள் நிகழ்ந்தன. திருவனந்தபுரம் மாவட்டத்து மரியநாட்டில் மீனவர் கூட்டுறவு வேர் கொண்டது. அதுபோன்ற சங்கங்கள் இணைந்து 1980இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பை நம் நகரைத் தலைமையிடமாகக் கொண்டு அமைத்தன. கேரள மீனவரும் குமரி மீனவரும் அதில் ஒருங்கே உறுப்பினர்.

1981

இவ்வாறு நிலம் பண்பட்டிருந்த வேளையில், 1981ஆம் ஆண்டு, திருவனந்தபுரம் மறைமாவட்டம் தூத்தூரில் தூய யூதா கல்லூரியைத் தொடங்கிற்று. செயின்ட் ஜூட்ஸ் கல்லூரி என்றே ஊரார் வழங்குவர். கைவிடப்பட்டதாக உலகம் எண்ணும் காரியங்களுக்குத் துணை நிற்பவர் என்று கத்தோலிக்கர் போற்றும் அடியார் யூதா ததேயு. நான்கு நூற்றாண்டு காத்திருந்த கரைக்கு இதனினும் பொருத்தமான பெயர் வாய்த்திராது.

கேரளத் தலைநகரில் நிலைகொண்ட ஒரு நிறுவனம், எல்லைக் கோட்டைத் தாண்டி வந்து, தமிழகத்து மண்ணிலே, தமிழ் மீனவர்க்கென ஒரு கல்லூரியை எழுப்பிற்று. மாநிலப் பிரிவினையின் போது இரு சாராரும் சினந்து பேசிய பேச்சுக்களை மட்டும் படித்தவர்கள், இந்தச் செய்தியையும் சேர்த்துப் படித்தல் வேண்டும்.

இருப்புப்பாதை ஊழியன் என்ற முறையில் இன்னொன்றையும் குறிக்க விழைகின்றேன். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்குத் தொடர்வண்டி ஓடத் தொடங்கியது 1979 ஏப்ரலில். 1918இல் திருவனந்தபுரத்தைத் தொட்ட தண்டவாளம், குமரிமுனையை அடைய 61 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. அதுவும் பாறசாலை, குழித்துறை, இரணியல் என்று உள்நாட்டு வழியே சென்றதன்றிக் கடற்கரையைத் தொடவில்லை. சாலையும் தண்டவாளமும் மக்களைக் கல்லூரிக்குக் கொண்டு செல்லும் என்று காத்திருப்பதினும், கல்லூரியையே மக்களிடம் கொண்டு செல்வது மேல் என்பதற்கு இந்த ஆண்டுக் கணக்கே போதிய சான்று.

ஊரிலே கல்லூரி இருப்பதன் பயன் யாது? பட்டதாரிகளின் எண்ணிக்கை மட்டும் அன்று. காலையில் தாய்க்கு உதவிவிட்டு நடந்தே வகுப்புக்குச் செல்லலாம். விடுதிக் கட்டணம் இல்லை. பெண்ணை அனுப்பத் தயங்கும் தந்தைக்கு, கண்ணெதிரே நிற்கும் கட்டடம் துணிவு தரும். தன் தெருவில் நடந்து செல்லும் ஆசிரியரைக் காணும் சிறுவனுக்கு, தானும் அவ்வாறு ஆகலாம் என்னும் எண்ணம் பிறக்கும். படித்த மகள் உள்ள வீட்டில் வங்கிப் படிவத்தையும், காப்பீட்டுத் தாளையும், அரசாங்க ஆணையையும் பிறர் உதவியின்றிப் படிக்கலாம். ஒரு கல்லூரி தன் மாணவர்க்கு மட்டும் கற்பிப்பதில்லை. அவர்கள் வீட்டுக்கும் சேர்த்தே கற்பிக்கின்றது.

பெயரில் ஓர் உறவு

இக்கல்லூரி தோன்றிய காலத்தில் குமரி மாவட்டத்துக் கல்லூரிகள் மதுரைக் காமராசர் பல்கலைக்கழகத்தைச் சார்ந்திருந்தன. 1990இல் திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் தோன்றியதும் அதனோடு இணைந்தன. இந்தப் பெயரைக் கேட்டதும் திருவனந்தபுரத் தமிழர் நெஞ்சு நிமிர்தல் வேண்டும்.

பெ. சுந்தரம் பிள்ளை அவர்கள் 1855இல் ஆலப்புழையிற் பிறந்தவர். நம் நகரத்து மகாராசா கல்லூரியிற் பயின்று, அங்கேயே தத்துவப் பேராசிரியராக விளங்கியவர். 1891இல் வெளிவந்த 'மனோன்மணீயம்' நாடகத்தின் ஆசிரியர். 1897இல் நாற்பத்திரண்டாம் வயதிலேயே மறைந்துவிட்டார். அந்நாடகத்தின் பாயிரத்தில் அமைந்த தமிழ்த் தெய்வ வணக்கத்தின் ஒரு பகுதியே 1970இல் தமிழக அரசின் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்கப்பட்டது. 2021இல் மாநிலப் பாடல் என்னும் தகுதியும் பெற்றது. நம் ஆண்டு விழாவும் அப்பாடலோடுதான் தொடங்குகின்றது.

ஆக, திருவனந்தபுரத்தில் வாழ்ந்து தமிழ் வளர்த்த ஒரு பேராசிரியரின் பெயர் தாங்கிய பல்கலைக்கழகத்தில், திருவனந்தபுரத்து மறைமாவட்டம் எழுப்பிய கல்லூரியின் வழியாக, தூத்தூர் மீனவர் மகள் பட்டம் பெறுகின்றாள். பிரிவினைக்குப் பின்னும் அறுபடாத இந்த இழை, நம் போன்று இடையே வாழ்வோர்க்குப் பெருமையும் பொறுப்பும் ஆகும்.

ஒக்கி கற்பித்த பாடம்

2017 நவம்பர் 30ஆம் நாள் ஒக்கிப் புயல் குமரிக் கடலில் சீறி எழுந்தது. எச்சரிக்கை எழுந்த வேளையில் ஆழ்கடற் படகுகள் முன்னரே நெடுந்தொலைவு சென்றுவிட்டன; அவற்றோடு பேசக் கருவி இல்லை. குமரி, திருவனந்தபுரம் ஆகிய இரு மாவட்டங்களிலுமாக நூற்றுக்கு மேற்பட்ட மீனவர் திரும்பவே இல்லை. இந்த எட்டு ஊர்களிலும் ஒப்பாரி எழாத தெரு அரிது. சடலம் கிடையாத வீடுகளில் எந்த நாளை நினைவு நாளாகக் கொள்வது என்று அறியாது தாய்மார் கலங்கினர்.

அப்புயலுக்குப் பின்னர் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் உருவாக்கிய, செயற்கைக்கோள் வழியே எச்சரிக்கை பெறும் கருவிகள் குமரி மீனவர்க்கும் கேரள மீனவர்க்கும் வழங்கப்பட்டன. எண்ணிப் பாருங்கள்: 1963இல் தன் கோயிலைக் கொடுத்து விண்வெளி ஆய்வைத் தொடங்கி வைத்தது இந்தக் கடற்கரைச் சமூகம். அந்த ஆய்வின் பயன் அச்சமூகத்தின் படகை அடைய ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாயின. அதற்கும் ஒரு பேரிழப்பு விலையாயிற்று. கல்வி காலந் தாழ்ந்து செல்வதால் விளையும் கேடு வெறும் பட்டக் கணக்கு அன்று. உயிர்க் கணக்கு என்பதை ஒக்கி உணர்த்திவிட்டது.

கருவி மட்டும் காப்பாற்றாது. அதனை நம்பவும், கையாளவும், பழுதானால் திருத்தவும், அதில் வரும் செய்தியை உரிய நேரத்தில் ஊராருக்கு எடுத்துரைக்கவும் அக்கரையிலேயே கற்றவர் வேண்டும். தந்தையின் காற்றறிவும் மகனின் நூலறிவும் ஒரே படகில் அமர்தல் வேண்டும். கடலை விட்டு ஓடுவதற்கு மட்டும் கல்வி அன்று. கடலில் இருப்போர் உயிரோடு கரை சேர்வதற்கும் கல்வியே துணை. அக்கரையில் ஒரு கல்லூரி நிலைத்து நிற்பதன் தேவை இதனால் தெளிவாகும்.

நாம் செய்யத்தக்கது

அடியேன் பத்தாம் வகுப்புத் தேறியவுடன் வேலைக்குப் புகுந்தவன். கல்லூரிப் படியை மாணவனாக மிதிக்கும் பேறு பெறாதவன். அதனாலேயே, கல்லூரி இல்லாத ஊரில் வளரும் ஒரு பிள்ளையின் ஏக்கம் எனக்குச் சற்று விளங்கும். பயணச்சீட்டு வழங்கும் சாளரத்தின் இப்புறம் அமர்ந்திருக்கையில், கொச்சிக்குச் சீட்டுக் கேட்டு நிற்கும் மீனவரையும், புத்தகத்தை மார்போடு அணைத்து நிற்கும் மாணவியரையும் ஒரே வரிசையிற் காண்பதுண்டு. அவர்களின் தமிழில் மலையாளம் கலந்திருக்கும். நம் பிள்ளைகளின் தமிழிலும் அவ்வாறே. அவர்களை அயலார் என்று எண்ண எனக்கு மனம் வருவதில்லை.

நம் சங்கம் ஆண்டுதோறும் விழா எடுக்கின்றது, பட்டிமன்றம் நடத்துகின்றது, பரிசு வழங்குகின்றது. இவை வேண்டற்பாலனவே. அவற்றோடு மூன்று சிறு பணிகளை நம் செயற்குழுவின் முன் வைக்கின்றேன். ஒன்று, ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் தொலைவில் உள்ள அக்கடலோரத்திற்கு நம் பிள்ளைகளை ஆண்டுக்கு ஒருமுறை அழைத்துச் சென்று, அம்மக்களின் தொழிலையும் கல்லூரியையும் காணச் செய்தல். இரண்டு, படித்து முடித்த நூல்களைத் திரட்டி அங்குள்ள மாணவர்க்கு அளித்தல். மூன்று, படகுகள் கரையில் கிடக்கும் ஜூன், ஜூலைத் திங்கள்களில், கடலில் தந்தையை இழந்த ஒரு மாணவிக்கேனும் கட்டணப் பொறுப்பை நம் சங்கம் ஏற்றல். பெருந்தொகை வேண்டா. நம் குடியிருப்பில் வீட்டுக்கு ஒரு நாள் காய்கறிச் செலவே போதும்.

1578இல் அச்சுத் தமிழைக் கையிலேந்திய கடற்கரை அது. 1963இல் விண்ணுக்கு வழிவிட்டதும் அதே கடற்கரைச் சமூகம். கல்வி அதனிடம் பட்ட கடன் பழைய கடன். 1981இல் அக்கடனின் முதல் தவணை செலுத்தப்பெற்றது. எஞ்சிய தவணைகளில் ஒன்றேனும் திருவனந்தபுரத் தமிழர் கையால் செலுத்தப்பெறுமாக!

வாழ்க தமிழ்! வளர்க கடலோரக் கல்வி!